வளர்ந்த ஏஞ்சல் மீன்களோடு எந்த மீனை விடலாம்? (பதினைந்து நியான் போன பிறகு கேட்கிறேன்)

நாலடித்தொட்டி

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். தொட்டி நாலடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. உள்ளே நான்கு ஏஞ்சல்: வெள்ளியில் கறுப்பு வரி போட்டது இரண்டு, ஒரு கோய் (ஆரஞ்சும் வெள்ளையும் கறுப்பும் கலந்த ஏஞ்சல் வகை), ஒரு முழுக் கறுப்பு. ரூபாய் நாணய அளவில் ஆறு குஞ்சு வாங்கினேன், நான்கு தங்கின. இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இப்போது துடுப்போடு சேர்த்தால் ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை மறைக்கும்.

அவ்வளவு பெரிய தொட்டியில் நாலு மீன் மட்டும் மிதப்பது வெறிச்சென்று இருக்கிறதே என்று போன மாதம் பதினைந்து நியான் டெட்ரா வாங்கி விட்டேன். "ஏஞ்சல் சாது சார், ஒண்ணும் பண்ணாது" என்று கடையில் சொன்னார்கள். மறுநாள் காலை எண்ணினேன், பதினொன்று. அதற்கு மறுநாள் எட்டு. செத்து மிதந்தது ஒன்றுகூட இல்லை. ஃபில்டரைப் பிரித்துப் பார்த்தேன், அங்கும் இல்லை. பத்தாம் நாள் ஒன்றே ஒன்று மிச்சம். அது ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருக்கிறது. மகள் அதற்குத் தப்பித்தான் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

போர்வெல் தண்ணீர்தான். டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 850, பிஹெச் 7.8. வெப்பம் இப்போது 29 டிகிரி, மே மாதத்தில் 32 வரை ஏறும். 'ஏஞ்சலோடு ஒத்துப்போகும் மீன்கள்' என்று நிறையப் பட்டியல் பார்த்துவிட்டேன். பாதிப் பட்டியலில் நியான்தான் முதலில் இருக்கிறது. வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கெளுத்தி

பதினைந்து நியானுக்கு என்ன கொடுத்தீர்கள்? ரத்தப்புழு பாக்கெட் வாங்கியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும்.

கொளத்தூர்வாசி

தம்பி, கடையில் சொன்னது பாதி உண்மை. குஞ்சாக இருக்கும்வரை ஏஞ்சல் சாதுதான். ஆனால் அது சிக்லிட் குடும்பம், ஆஸ்காருக்கும் ஃப்ளவர்ஹார்னுக்கும் பங்காளி. அமேசான் பக்கத்துக் கிளையாறுகளில் வேர்களுக்கும் செடிகளுக்கும் நடுவே அசையாமல் நிற்கிற மீன். அந்தத் தட்டை உடம்பும் குத்துவரியும் அழகுக்கு வந்தவை அல்ல, மறைந்து நின்று பிடிப்பதற்கு வந்தவை. நியானும் அமேசான் பக்கத்து மீன்தான், அதனால் ஒத்துப்போகும் என்று எழுதுகிறவர்கள், புலியும் மானும்கூட ஒரே காடுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பகலில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் நடக்காது. விளக்கை அணைத்ததும் நியானின் நிறம் மங்கும், ஒரு மூலையில் மந்தமாக நிற்கும். விடியற்காலை லேசாக வெளிச்சம் வரும்போது ஏஞ்சலுக்குக் கண் தெரிந்துவிடும், நியான் இன்னும் முழுசாக விழித்திருக்காது. அந்த அரை மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். அதனால்தான் உங்களுக்குப் பிணமும் கிடைக்கவில்லை, சண்டையும் தெரியவில்லை.

சரி, எதை விடலாம்? நான் இருபது வருடமாகப் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, மீனின் நீளத்தைப் பார்க்காதீர்கள், முதுகிலிருந்து வயிறு வரை எவ்வளவு என்று பாருங்கள். நியான் மூன்று மூன்றரை செமீ நீளம்தான், உடம்பு தீக்குச்சி மாதிரி. வளர்ந்த ஏஞ்சல் வாயில் வழுக்கிக்கொண்டு போகும். அதே நீளத்தில் கொஞ்சம் தட்டு மாதிரி உடம்புள்ள டெட்ராவை விழுங்க அதற்குச் சிரமம். இரண்டு, யார் முதலில் குடி வந்தார்கள் என்பது. ஏஞ்சல் குஞ்சாக இருக்கும்போதே தொட்டியில் இருந்த சின்ன மீனைப் பல நேரம் அது இரையாகவே பார்ப்பதில்லை, பழகிவிடும். வளர்ந்த ஏஞ்சலிடம் புதிதாக ஒரு சின்ன மீனைக் கொண்டுபோய் விட்டால், மேலிருந்து தீனி விழுகிறது என்றுதான் அது நினைக்கும். நீங்கள் செய்தது அதுதான்.

விடவே கூடாதவையும் உண்டு. டைகர் பார்ப், செர்ப்பே டெட்ரா இரண்டும் ஏஞ்சலின் வயிற்றடியில் தொங்கும் நூல் துடுப்பைக் கடித்துக் கடித்தே அதைச் சாகடிக்கும். கப்பியை விட்டால் இரட்டை நஷ்டம்: ஆணின் வாலை ஏஞ்சல் கிழிக்கும், குட்டிகளைத் தின்னும். சிவப்புவால் சுறா என்று விற்பது சுறாவே அல்ல, ஆனால் குணத்தில் குறைவில்லை. கோல்ட்ஃபிஷ்ஷுக்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீர், அது போடும் கழிவும் அதிகம். ஆஸ்கார் பற்றிச் சொல்லவே வேண்டாம், அங்கே ஏஞ்சல்தான் நியான்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. உங்கள் நான்கில் ஜோடி சேர்ந்தது இருக்கிறதா?

சிறுவாணிக்கரை

கொளத்தூர் அண்ணன் சொல்வதில் பெரும்பாலும் எனக்கும் சம்மதம். ஆனால் 'சின்ன டெட்ராவே கூடாது' என்று இதைப் படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கோவை. ஐந்து ஏஞ்சலோடு இருபது ரம்மிநோஸ் (மூக்குச் சிவந்த டெட்ரா) மூன்று வருடமாக இருக்கிறது, இதுவரை இரண்டுதான் குறைந்தது. ரம்மிநோஸ் ஐந்து செமீ வரை வரும், கூட்டமாகவே திரும்பும், ஒன்றைத் தனியாக ஓரங்கட்டுவது ஏஞ்சலுக்குக் கஷ்டம். நியானைவிட வெப்பமும் நன்றாகத் தாங்கும். நியானுக்கு 22 முதல் 25 டிகிரி சுகம், ஏஞ்சலுக்கு 26 முதல் 28. நீங்கள் 29-இல் விட்டபோதே அது பாதி சோர்ந்திருக்கும், அண்ணா. சோர்ந்த மீனைத்தான் முதலில் பிடிப்பார்கள். கார்டினல் டெட்ரா நியானைவிடச் சற்றுப் பெரிது, சூட்டையும் தாங்கும், ஆனால் அதுவும் ஒல்லிதான்.

ஒன்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரம்மிநோஸ்தான் முதலில் வந்தது. நான்கு மாதம் கழித்துத்தான் ஏஞ்சல் குஞ்சுகளை விட்டேன்.

கொளத்தூர்வாசி

அதுதானே அம்மா நான் சொன்னது! இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர். பாலாறு, போர்வெல் என்று குடிக்கிற எங்களுக்கு அந்த மென்மையான தண்ணீரைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். மடிப்பாக்கம் போரில், டிடிஎஸ் 850-இல் ரம்மிநோஸ் மூக்குச் சிவப்பே வராமல் வெளுத்து நிற்கும்.

சிறுவாணிக்கரை

அதை ஒத்துக்கொள்கிறேன். ரம்மிநோஸ் மூக்கு வெளுத்தால் தண்ணீர் சரியில்லை என்று எங்கள் வீட்டில் அதைத்தான் மீட்டராக வைத்திருக்கிறோம்.

பனையடி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட கிணற்றுத் தண்ணீர் முழுக்கச் சுண்ணாம்புக்கல் தண்ணீர், கேத்திலில் வெள்ளை படியும். பல வருசமாக மென்தண்ணீர் மீன்களோடு மல்லுக்கட்டி, ஆர்ஓ தண்ணீர் கலந்து, கடைசியில் கைவிட்டேன். இப்போது ஏஞ்சலோடு மோலியும் ஸ்வோர்ட்டெயிலும் தான். இரண்டுக்கும் கடினத் தண்ணீர் பிடிக்கும். வளர்ந்த மோலி ஏஞ்சலின் வாய்க்குள் போகாது. குட்டி போட்டுத் தள்ளுமே என்ற கவலையும் இல்லை, குட்டிகளை ஏஞ்சல் கவனித்துக்கொள்ளும்.

தொட்டிக்கு வாங்கும் ஏஞ்சல் எல்லாம் பண்ணையில் பல தலைமுறையாகப் பிறந்தது. பிஹெச் 7.8-இல் அது சந்தோசமாகவே வாழும். காட்டில் இருந்து வருகிற ஆல்டம் ஏஞ்சல் என்றால் வேறு கதை, அதற்கு மென்தண்ணீர் கட்டாயம். ஆனபடியால் ஏஞ்சலுக்காக உங்கள் தண்ணீரை மாற்ற வேண்டாம், தண்ணீருக்கு ஏற்ற கூட்டாளியைத் தேடுங்கள்.

அமேசான்காடு

மோலிக்கு உப்புப் போட வேண்டாமா? ஏஞ்சலுக்கு உப்பு ஆகாதே?

பனையடி

தம்பி, மோலிக்கு வேண்டியது கடினத் தண்ணீர், உப்புத் தண்ணீர் அல்ல. கடினத் தண்ணீர் இல்லாத ஊரில்தான் உப்பைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். நான் ஒரு சிட்டிகை போட்டதில்லை.

நாலடித்தொட்டி

எல்லோருக்கும் நன்றி. ஜோடியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆண் பெண் எப்படிப் பார்ப்பது? வரி போட்ட இரண்டும் எப்போதும் ஒன்றாகத்தான் நிற்கும். கோயின் வால் போன வாரம் கொஞ்சம் கிழிந்திருந்தது, கல்லில் உரசியிருக்கும் என்று நினைத்தேன்.

அப்புறம், கண்ணாடியில் பாசி பிடிக்கிறது. டேங்க் கிளீனர் என்று ஒன்று விற்கிறார்களே, வாங்கலாமா?

கெளுத்தி

டேங்க் கிளீனர் வாங்குங்கள். ஒன்றரை வருடம் கழித்து டேங்க்கை அது காலி செய்யச் சொல்லும், நீங்கள் கிளீனர் வேலைக்குப் போகலாம்.

கொளத்தூர்வாசி

கெளுத்தி விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அந்தப் பெயரில் விற்பது சாதாரண பிளெக்கோ. விரல் நீளத்தில் கொடுப்பார்கள், ஓரடிக்கு மேல் வளரும். சின்னதில் பாசி தின்னும். பெரிதானதும் சோம்பேறியாகி, இரவில் ஏஞ்சலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மேல் வழுவழுப்பை உறிஞ்சும். தட்டையான, மெதுவாக நகரும் மீன் அதற்குச் சுவர் மாதிரி. காலையில் பார்த்தால் ஏஞ்சலின் உடம்பில் வட்டமாகத் தோல் உரிந்திருக்கும். வளர்ந்துவிட்டதே என்று ஏரியில் கொண்டுபோய் விடுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். நம்மூர் ஏரி, குளங்களில் வலை போடுகிறவர்களைக் கேளுங்கள், கிழிந்த வலையைக் காட்டுவார்கள்.

ஆல்கே ஈட்டர் என்று மஞ்சளாக விற்பதும் அப்படித்தான், வளர வளர மற்ற மீன் மேல் ஒட்டும். சயாமீஸ் ஆல்கே ஈட்டர் என்பது வேறு, உடம்பின் நீளத்துக்கு ஒரே கறுப்புக் கோடு வால் நுனி வரை ஓடும், அது பரவாயில்லை. பாசிக்கு மீன்தான் வேண்டும் என்றால் பிரிஸில்நோஸ் என்ற சின்ன வகைப் பிளெக்கோ ஒன்று வாங்குங்கள், பன்னிரண்டு பதிமூன்று செமீயோடு நிற்கும். என்னைக் கேட்டால் விளக்கை எட்டு மணி நேரத்தோடு அணையுங்கள், பழைய ஏடிஎம் கார்டால் கண்ணாடியைச் சுரண்டுங்கள்.

ஜோடி விஷயம். ஏஞ்சலில் ஆண் பெண் பார்த்துச் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். நெற்றி புடைத்திருந்தால் ஆண் என்பதெல்லாம் பாதி நாள் பொய்க்கும். முட்டை போடும் நேரத்தில் அடியில் ஒரு சின்னக் குழல் நீளும், பெண்ணுக்கு அது தடித்து மொட்டையாக, ஆணுக்கு மெல்லிதாகக் கூராக இருக்கும். அப்போதுதான் உறுதி. ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கோயின் வாலைக் கிழித்தது கல் இல்லை. புது மீன் எதையும் இப்போது வாங்காதீர்கள். இரண்டு வாரம் பாருங்கள்.

அமேசான்காடு

அதற்குள் அடித்தளத்தைக் கவனியுங்கள். கீழ்த்தட்டுக்கு ஏஞ்சலோடு கோரிடோரஸ் மாதிரி பொருத்தமான மீன் இல்லை. ஏஞ்சல் நடுத் தண்ணீரில் நிற்கும், கோரி கீழே கிளறும், ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது. ஆறு ஏழாவது வாங்க வேண்டும், ஒன்றிரண்டு என்றால் ஒளிந்தே கிடக்கும். சென்னைச் சூட்டுக்கு ஸ்டெர்பாய் கோரிதான் சரி, 28 டிகிரி எல்லாம் அதற்குச் சாதாரணம். பாண்டா கோரி பார்க்க அழகு, ஆனால் அது குளிர்ந்த தண்ணீர் மீன், உங்கள் மே மாதத்தைத் தாண்டாது. தொட்டியில் கலர் கல் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கூரான கல்லில் கோரியின் மீசை தேய்ந்து புண்ணாகும். சலித்துக் கழுவிய மெல்லிய ஆற்றுமணல் போதும்.

நாலடித்தொட்டி

நீலக் கலர் கல்தான் போட்டிருக்கிறேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

கெளுத்தி

எல்லோரும் அதைத்தான் போடுகிறோம்.

நாலடித்தொட்டி (ஒன்பது நாள் கழித்து)

கொளத்தூர் அண்ணா, நீங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது. இன்று காலை ஃபில்டர் குழாயில் வரிசை வரிசையாக முட்டை. இருநூறு முந்நூறு இருக்கும். வரி போட்ட இரண்டும் மாறி மாறி விசிறிக்கொண்டு நிற்கின்றன. கோயும் கறுப்பும் எதிர்மூலையில் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, பாதித் தொட்டிக்கு இந்தப் பக்கம் வந்தால் துரத்தல்தான். அந்தக் குழாயின் பின்னால் இருந்த தப்பித்தானைக் காணோம் என்று மகள் அழுதாள். தேடினால் அதுவும் அதே எதிர்மூலையில், கோயின் வயிற்றடியில் நிற்கிறது! கோய் அதை ஒன்றும் செய்யவில்லை, பயத்தில் பசி போயிருக்கும்.

இப்போது என்ன செய்வது? மற்ற மீன் வாங்கும் திட்டம் அவ்வளவுதானா?

கொளத்தூர்வாசி

வாழ்த்துகள். இனிக் கணக்கே வேறு. முட்டை மேல் நிற்கும் ஜோடிக்குக் கூட்டாளி என்று எந்த மீனும் கிடையாது, பட்டியலில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. 'என் ஏஞ்சல் திடீரென்று வெறி பிடித்துக் கோரியைக் கொன்றுவிட்டது' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது முட்டை இருந்ததா என்றுதான். பாதிக்கு மேல் இருந்திருக்கும். இந்த முட்டையை அவையே தின்றுவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி போடும். ஆக இது ஒருநாள் கூத்து அல்ல.

இரண்டு வழி. ஜோடியை இரண்டடித் தொட்டிக்கு மாற்றுங்கள், உயரம் மட்டும் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், சாய்த்து வைத்த ஒரு ஸ்லேட் பலகை போதும். அப்போது நாலடித் தொட்டியில் மிச்சம் இரண்டு ஏஞ்சல், அதில் நீங்கள் ஆசைப்பட்டபடி மீன் விடலாம். இல்லையென்றால் ஜோடியை நாலடியிலேயே விட்டுவிட்டு மற்ற இரண்டையும் யாருக்காவது கொடுங்கள். மூன்றாவது வழி கிடையாது.

இந்த முட்டையைப் பற்றி ரொம்ப ஆசை வைக்க வேண்டாம். உங்கள் வெப்பத்தில் இரண்டு, இரண்டரை நாளில் பொரிக்கும். பிறகு நாலைந்து நாள் ஒட்டிக்கொண்டு வால் ஆட்டும், அப்புறம்தான் நீந்தும். முதல் தடவை ஜோடி பெரும்பாலும் தின்றுவிடும். வெள்ளையாகிற முட்டை பூஞ்சை பிடித்தது.

சிறுவாணிக்கரை

ஜோடியை மாற்றுங்கள் அண்ணா. பிரிஸில்நோஸ் வாங்கச் சொன்னார்களே, அதை மட்டும் ஜோடித் தொட்டியில் விட்டுவிடாதீர்கள். இருட்டில் ஏஞ்சலுக்குக் கண் தெரியாது, பிளெக்கோவுக்கு அது தேவையே இல்லை. ஒரே இரவில் முட்டை மொத்தமும் போகும், நான் பார்த்திருக்கிறேன். கோரியும் அதைச் செய்யும்.

அமேசான்காடு

மிச்ச இரண்டு ஏஞ்சலுக்கு என் பரிந்துரை போஸ்மானி ரெயின்போ. இந்தோனேசியாவின் மேற்குப் பப்புவாப் பகுதியில் உள்ள அயமாரு ஏரிப் பக்கத்து மீன், அங்கே தண்ணீரே கடினமாகத்தான் இருக்கும், உங்கள் போர் தண்ணீர் அதற்குப் பிறந்த வீடு மாதிரி. முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு. பத்து செமீ வளரும், உடம்பும் அகலம், ஏஞ்சலால் ஒன்றும் செய்ய முடியாது. துடுப்பையும் கடிக்காது. சின்னதில் கடையில் சாம்பல் நிறமாக நிற்கும், அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள், நிறம் வர ஒரு வருடம் ஆகும்.

ஒரு குறை: பயங்கர வேகம். தீனி போட்டதும் ஏஞ்சல் திரும்பிப் பார்ப்பதற்குள் காலி செய்துவிடும். ஒரு ஓரத்தில் ரெயின்போவுக்குப் போட்டுவிட்டு, மறு ஓரத்தில் ஏஞ்சலுக்குப் போடுங்கள்.

பனையடி

நல்ல யோசனை. பேர்ல் கௌராமியும் பாருங்கள், சாதுவானது. ஆனால் அதன் மீசை நூலை என் ஏஞ்சல் ஒன்று கடித்தது, எல்லா ஏஞ்சலும் செய்யாது. எது வாங்கினாலும் மூன்று நாலு வாரம் வேறு தொட்டியில் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். நான் அவசரப்பட்டு ஒருமுறை வெள்ளைப்புள்ளி நோயைத் தொட்டி முழுக்கப் பரப்பியிருக்கிறேன்.

கொளத்தூர்வாசி

விடுகிற நாளில் இரண்டு வேலை. உள்ளே இருக்கும் கட்டை, கல், செடியை எல்லாம் இடம் மாற்றுங்கள், ஏஞ்சலுக்குத் தன் எல்லை எது என்று குழம்ப வேண்டும். ஏஞ்சலுக்கு வயிறு நிறையப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் புது மீனை விடுங்கள். உங்கள் புது மீன் நியான் அளவில் இல்லாததால் இருட்டு அதற்குச் சாதகம்.

நாலடித்தொட்டி (இரண்டு மாதம் கழித்து)

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். முதல் முட்டை மூன்றாம் நாள் காலையில் இல்லை, தின்றுவிட்டன. ஜோடியை இரண்டடித் தொட்டிக்கு மாற்றினேன். பதினெட்டாம் நாள் ஸ்லேட்டில் மறுபடி போட்டன. இந்த முறை பொரித்தது. இப்போது நாற்பது குஞ்சு போல நீந்துகிறது, குஞ்சுகளுக்குத் தீனியாக ஆர்ட்டீமியா (நுண்ணிய இறால்) பொரிக்கும் பாட்டிலால் சமையலறையில் ஒரு சண்டையும் நடக்கிறது.

நாலடியில் நீலக் கல் போய்விட்டது, மணல் போட்டேன். ஏழு ஸ்டெர்பாய், ஆறு போஸ்மானி. நான்கு வாரம் ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைத்திருந்துதான் விட்டேன். முதல் நாள் கறுப்பு ஏஞ்சல் ஒரு போஸ்மானியை இரண்டு சுற்றுத் துரத்தியது, பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டது. கோயின் வால் முழுசாக வளர்ந்துவிட்டது. ஒரு கோரி மட்டும் இரண்டாம் வாரம் செத்தது, காரணம் தெரியவில்லை, மற்ற ஆறும் நன்றாக இருக்கின்றன. தீனி விஷயத்தில் அமேசான்காடு சொன்னது அப்படியே நடக்கிறது, இரண்டு கையாலும் இரண்டு ஓரத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சிறுவாணிக்கரை

தப்பித்தான்?

நாலடித்தொட்டி

அதைத் தனியாக ஒன்றரை அடித் தொட்டியில் வைத்திருக்கிறேன், அக்கா. அரைப் பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்து, ஏசி அறையில். ஒரு மாதமாக மூலையிலேயே நின்றது.

சிறுவாணிக்கரை

ஒற்றை நியான் அப்படித்தான் நிற்கும், அது கூட்டமாக வாழ்கிற மீன். எட்டுப் பத்துத் துணை வாங்கி விடுங்கள். அந்தத் தொட்டியில் ஏஞ்சல் இல்லையே, இனி என்ன பயம்.

நாலடித்தொட்டி

நேற்றுப் போய்ப் பத்து வாங்கினேன், அதே கடைதான். பையைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "ஏஞ்சலுக்கா சார்?"